ஒரே ஒரு பொட்டு வெடி

வெடிச்சத்தமே கூடாது என்று சட்டம் வந்தபின் இது அறுபதாவது தீபாவளி. முந்தைய நாள் காலை, மாம்பலத்து அகழாய்வுக் குழியில் தேன்மலருக்கு ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே பொம்மைத் துப்பாக்கியும் பொட்டு வெடிச் சுருளும்.

"சார், வேலை செய்யுதான்னு பாக்கலாமா?"

சின்ன விதிமீறலுக்கே சீட்டைக் கிழிக்கும் இயக்குநர் வரதன் தலையைச் சொறிந்தார். "ஆய்வுக்குத்தானே? ஒண்ணே ஒண்ணு."

டப்!

குழியே சிரிப்பில் குலுங்கியது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சன்னல்கள் படபடவென்று திறந்தன. எல்லோரும் குனிந்து மண்ணைச் சுரண்டத் தொடங்கினார்கள்.

"யாருங்க அது? எங்க பாப்பா முழிச்சுக்கிட்டா!" நான்காம் மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க..." என்றாள் தேன்மலர்.

"அட, இன்னொண்ணு வெடிங்க! கைதட்டிச் சிரிக்கிறா!"

வரதன் துப்பாக்கியை வெடுக்கென்று பிடுங்கினார். "ஒரே ஒரு சோதனைய வெச்சு அறிக்கை எழுத முடியாதும்மா. தள்ளு!"