நடுக்கல்லில் நிற்காத எண்ணெய்

"பெனம் காலிந்தா?" என்று ரமணா கல்லாவிலிருந்து தெலுங்கில் கேட்டதும், அரக்கோணத்திலிருந்து வந்திருந்த தங்கவேலு மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாமா, வந்து நின்னதும் பொணம் எரிஞ்சுதாங்கறாரு?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

பெனம் என்றால் தோசைக்கல். காய்ந்துவிட்டதா என்று முதலாளி கேட்கிறார். நான் சொல்லியிருக்கலாம். மாவரைக்கிறவளுக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ரேணிகுண்டா ஸ்டேஷன் எதிரில் எங்கள் டிபன் கடை. பழைய மாஸ்டர் சொல்லாமல் போனதிலிருந்து வெறும் இட்லிதான். பத்து தோசை ஒட்டாமல் சுட்டுக் காட்டினால் அந்த வேலை. ஆறு வருஷமாக நான் கேட்கிற வேலை. பொம்பளை கல் முன்னால் நின்றால் வியாபாரம் படுத்துவிடும் என்பார் ரமணா.

தங்கவேலு நடுக்கல்லில் எண்ணெய் விட்டார். அது நாலு பக்கமும் விலகி ஓரத்தில் போய் ஒதுங்கியது. இன்னும் விட்டார். அதுவும் ஓடியது. நடுவில் கல் வறண்டு கிடந்தது.

மாவை ஊற்றினார். தோசை கல்லைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

வெங்காயம் தேய்த்தார். உப்புத்தண்ணீர் தெளித்தார். கடைசியில் கற்பூரம் கேட்டார். நாலாவது தோசையையும் சுரண்டிப் போட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார்.

"காலங்காத்தால பொணத்தப் பத்திப் பேசினா தோச எப்டிமா எழுந்து வரும்?"

பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். நல்ல கைக்காரர். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

போன வாரம் வந்த கிருஷ்ணப்பா வாஸ்து சரியில்லை என்றார். அதற்கு முன்னால் வந்த சீனு மாவைத் திட்டினான். நான் அரைத்த மாவு. அவனுக்கு நான் கொஞ்சமும் பாவம் பார்க்கவில்லை.

ரமணா வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கரண்டியை நீட்டினார்.

எண்ணெய்க்குச் சகுனமும் தெரியாது, வாஸ்துவும் தெரியாது. மெலிசாக விட்ட எண்ணெயைச் சூடு குறைந்த பக்கம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கல் முழுக்க ஒரே சூடாக இருந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். ஆறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா.

கரண்டியை வாங்கிக்கொண்டு குனிந்தேன். கல்லுக்கு அடியில் மூன்று பர்னர். தினமும் அடுப்புப் பற்றவைப்பது நான்தான்.

அணைந்து கிடந்த ஓரத்து பர்னர் இரண்டையும் பற்றவைத்தேன்.