பின்சக்கரத்துக் கல்

பிரேக்கிலிருந்து காலை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

எடுத்தால் வண்டி பின்னால் போகும். வண்டிக்குப் பின்னால் படகு. படகுக்குப் பின்னால் கடல். கடலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்க இது நேரமில்லை.

ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. இழுத்தால் சத்தம் வரும், வண்டி நிற்காது. சமதரையில் மீன் கூடை ஏற்றிப்போகிற பிக்கப்புக்கு அது எதற்கு என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட மேதை அவனேதான்.

அதனால் இரண்டடிக்கு ஒருமுறை பின்சக்கரத்துக்கு அடியில் யாராவது கல் வைக்க வேண்டும். கல் தாங்கினால்தான் அவன் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்ற முடியும்.

கல் வைத்துக்கொண்டிருந்தவர் அவன் அண்ணன் சந்தியாகு.

மூன்று வருடமாக அவனோடு பேசாதவர்.

இருவரும் சேர்ந்து வாங்கிய படகுதான் இது. தம்பிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். ஒரு விடியற்காலையில், சொல்லாமல் கொள்ளாமல், படகில் ஏறாமல் இருந்துவிட்டான். மறுவாரம் பிக்கப் ஓட்டிக்கொண்டு வந்து அண்ணன் வீட்டு வாசலில் ஹாரன் வேறு அடித்தான்.

ஹாரன் அடித்திருக்க வேண்டாம்.

இன்று காலை கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்கள். மூன்று மணிக்குமேல் கடல் பொங்கும், படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள் என்று. ஊரில் இருக்கிற ஒரே டிராக்டருக்கு முன்னால் பன்னிரண்டு படகு வரிசை. மணி இரண்டரை. அண்ணன் மனைவி, மதினி ஜெனோபாதான் அவனைத் தேடி வந்தாள்.

சக்கரச் சட்டத்தில் படகை ஏற்றி, பிக்கப்பின் கொக்கியில் மாட்டி, பாசி படிந்த சிமெண்டுச் சரிவில் இழுக்கத் தொடங்கியதும் அண்ணன் வாய் திறந்தார். மதினியிடம்.

"ஜெனோபா, வண்டிக்காரர ஸ்டீரிங்க நேரா புடிக்கச் சொல்லு."

வண்டிக்காரர் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"புடிச்சாச்சுன்னு சொல்லுங்க மதினி."

"போங்கடே! ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" வலையைத் தூக்கிக்கொண்டு அவள் மேட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பேச்சு, வண்டியின் தகரத்தில் நடந்தது.

ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் கல் வைத்தாயிற்று, போ.

விரலால் தட்டினாலே கேட்கும். அண்ணன் உள்ளங்கையால் அறைந்தார். ஒவ்வொரு அறையிலும் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. எந்த அறையில் எந்த வார்த்தை என்று அவனால் சொல்ல முடியும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

அவனும் சும்மா இருக்கவில்லை. தேவைக்குமேல் ஆக்சிலேட்டரை மிதித்தான். கரும்புகை அண்ணன் முகத்தில் போய் அப்பியது.

அவர் கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், அவன் வண்டி கடலில்.

அவன் காலைக் கொஞ்சம் தளர்த்தினால், அவர் படகு கடலில்.

இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கடைசிச் செங்குத்து. கிளட்ச் கருகி நாறியது. அண்ணன் முகம் எப்படியிருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரைத் தள்ளினான்.

முதல் கியர் என்று நினைத்தான். விழுந்தது மூன்றாவது.

எஞ்சின் ஒரு உதறு உதறி அணைந்தது. அணைந்ததும் பிரேக் கட்டையாகிவிட்டது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். வண்டி, படகு, அவன், அவன் மீசை எல்லாம் ஒரே சமயத்தில் பின்னால் வழுக்கின.

முக்கால் அடி.

நின்றது.

அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, தகரத்தில் இரண்டு தட்டு. மெதுவாக. தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டுவதுபோல.

அண்ணனின் மூன்று வருடத்துக் கோபம் இந்த முக்கால் அடியில் கரைந்துவிட்டதா? அவனுக்குக் கண் கலங்கியது. கிளட்ச் புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பி, முதல் கியரை இரண்டுமுறை சரிபார்த்து, ஒரே மூச்சில் மேட்டில் ஏறினான்.

இறங்கும்போது என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

அண்ணன் வலது கையைக் கைலியின் நுனியில் சுற்றியிருந்தார். நுனி சிவப்பாக நனைந்திருந்தது. கீழே சரிவில் கிடந்த கல்லும்.

சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கியது வலது கை. மெதுவாகத் தட்டியது இடது கை.

அவன் ஓடிப்போய் முன்கதவைத் திறந்துவிட்டான்.

அண்ணன் திறந்த கதவைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஒற்றைக் கையால் பிடித்து, மீன் கூடைகளுக்கு நடுவில் ஏறி நின்றுகொண்டார்.

"படக நான் பாத்துக்கிடுதேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்றாள் மதினி.

அவன் ஓட்டினான். பள்ளம் கண்ட இடத்தில் ஒதுங்கினான். வேகத்தடையில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறவன்கூட அப்படி ஓட்டமாட்டான்.

பின்னாலிருந்து குரல் வந்தது. மதினி வழியாக அல்ல, நேராக அவனுக்கே.

"ஏல, வண்டியில பொணமா கெடக்கு? மிதியேம்ல!"

எதிரே ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது.

அவன் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கி, இன்னும் மெதுவாக ஓட்டினான்.