கட்டை விரல் காவல்

கட்டிலுக்கடியில் குப்புறக் கிடந்த ரேடியோ, கட்டை விரலை இம்மியும் நகர்த்தவில்லை. நகர்த்தினால் அவ்வளவுதான், குடும்பத்தின் எதிர்காலமே புகைந்துவிடும்.

"அசைஞ்சீங்க, தொலைஞ்சோம்!" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள். மேலே கேமரா, கீழே இவர், நடுவில் ஒரு பழைய மெத்தை.

ரேடியோ என்பது தெரு வைத்த பெயர். முடிவெட்டும் கடை வைத்திருந்தார். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. பேச்சுத் தாங்காமல் பாதிக் கிராப்போடு எழுந்து ஓடியவர்கள் இன்றும் அந்தத் தெருவில் தலையைத் தடவிக்கொண்டு திரிகிறார்கள். அப்பேர்ப்பட்டவர் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கிடப்பதற்குப் பதில் ஒரு மலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் மகளுக்காக. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். கண்காணிப்பாளர் அம்மாள் ஒருவர், அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே, கேமரா வழியாக வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் இன்னோர் ஆள் இருப்பது தெரிந்தால் தேர்வு ரத்து. இந்த வருஷம் கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது.

கம்ப்யூட்டரோ மூன்று கை மாறி வந்தது. அதன் பேட்டரி முதல் முதலாளியிடமே கண்ணை மூடிவிட்டது. அறையில் இருந்த ஒரே ப்ளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, அதுவும் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. எலெக்ட்ரீஷியன் "நாளைக்கு வர்றேன்" என்று போன மாதமே சொல்லியிருந்தார்.

காலையிலிருந்து தீக்குச்சி சொருகிப் பார்த்தார்கள். ரப்பர் பேண்டு சுற்றிப் பார்த்தார்கள். மகள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தாள். ரேடியோவின் கட்டை விரல் அழுத்தினால் மட்டும் அது மனமிரங்கிக் கரண்டைக் கொடுத்தது. ஆகவே தரைவரை தொங்கும் போர்வைக்குப் பின்னால் அவரும் விரலும் குடிபோனார்கள்.

ஒரு கரப்பான்பூச்சி வந்து மீசையோடு மீசை வைத்துப் பார்த்தது. வேறொரு நாளாக இருந்திருந்தால் அதனிடம் நாட்டு நடப்பையெல்லாம் பேசித் தீர்த்திருப்பார். இன்றைக்குக் கண்ணாலேயே "போடா" என்றார்.

மேலே கட்டிலில் மகள் விறுவிறுவென்று தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கம்ப்யூட்டரிலிருந்து அந்த அம்மாளின் குரல் அடித்தொண்டையில் சீறியது.

"அசையாம இருங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"நா... நான் அசையலையே, மேடம்!"

"உன்னை இல்லம்மா. நீ எழுது."

கட்டிலுக்கடியில் ரேடியோ கண்ணை உருட்டினார். மகளை இல்லையென்றால் வேறு யாரை? மெத்தையைத் துளைத்துக்கொண்டு பார்க்கிற கேமராவா இது? மூச்சை வயிற்றுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கருங்கல்லாகிப் போனார். நல்லவேளை, மேலே தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஆனால் கெண்டைக்காலுக்கு இதெல்லாம் தெரியுமா? மகள் கடைசிக் கேள்விக்கு வந்த நேரம் பார்த்து அது சுண்டி இழுத்தது. உதைத்த உதையில் காலடியில் இருந்த தகரப் பெட்டி சுவரில் போய் மோதி, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி 'டமார்' என்றது.

"யாரு அங்க? கேமராவைக் கீழ திருப்பு!"

மகள் திருப்பினாள். போர்வை விலகியது. ஒட்டடை படிந்த ஒரு தலை வெளியே வந்தது. கை மட்டும் உள்ளேயே இருந்தது.

"எங்கப்பா, மேடம்..." மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அங்க என்ன பண்றாரு?"

இரண்டு மணி நேரம் அணை கட்டி வைத்திருந்த பேச்சு உடைந்தது. "தாயே, ப்ளக் பாயின்ட் ஆடுதும்மா! விரலை எடுத்தா கம்ப்யூட்டர் படுத்துடும். புள்ளைக்கு ஒரு விடைகூட சொல்லலைம்மா, சத்தியமா! எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? நான் சொல்லி அவ எழுதியிருந்தா அப்பவே ஃபெயிலாகியிருப்பா! என் கடையில வந்து கேட்டுப் பாருங்க, நான் எப்படிப்பட்டவன்னு. என்னை எங்க வேணா புடிச்சுக் குடுங்க, அவ சீட்டை மட்டும்..."

"அப்பா, போதும்ப்பா!"

திரையில் அந்த அம்மாள் அவரையே பார்த்தார். பார்வை அவர் முகத்திலிருந்து நழுவி, போர்வைக்குள் மறைந்திருந்த கையில் போய் நின்றது.

"விரலை எடுத்துடாதீங்க, சார்" என்றார். "நீ அந்தக் கடைசிக் கேள்வியை முடிச்சு அனுப்பும்மா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தாள், அனுப்பினாள். "கேன்சலா, மேடம்?" என்றாள், காற்று மாதிரி.

அந்த அம்மாள் தேர்வு அறிக்கையைத் திறந்தார். "அறையில் மாணவி மட்டும்... வேறு யாரும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அதில் தட்டினார். தட்டி முடித்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தன் மேஜைக்குக் கீழே குனிந்தார்.

"ஏங்க, பரீட்சை முடிஞ்சிருச்சு, நீங்களும் ப்ளக்கை விட்டுட்டு வெளிய வாங்க!"