ஜோமாரின் ஷூ

சுற்றுலாக் கப்பல் மியாமியை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை, வருடா வருடம் வரும் கனடாத் தம்பதி ரோடெல் பரிமாறும் மேசையைத் தேடி வந்து உட்கார்ந்தார்கள்.

"உன் பையன் எப்படிப்பா இருக்கான்?" என்றாள் மிசஸ் ஹார்லோ.

ரோடெல் சிரித்தபடி காபி ஊற்றினான். "ஜோமாரா? சொன்ன பேச்சே கேக்கறதில்லம்மா. போன வருஷம் நீங்க குடுத்த ஷூ பத்தலைன்னு ஒரே அடம்."

"வளர்ற பையன்னு தெரியும், அதான் பெரிய சைஸா வாங்கினேன்." அவள் ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினாள்.

"பாஸ்கெட்பால் ஆடறானா?" என்றார் அவள் கணவர்.

"பள்ளிக்கூட டீம்ல சேத்துட்டாங்க சார்."

மதியப் பந்தி முடிந்ததும் கீழ்த்தளத்து அறைக்குப் போன ரோடெல், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். அங்கே பிரிக்காத பெட்டிகள் மூன்று ஏற்கெனவே இருந்தன.

மேல்கட்டிலில் இருந்த அர்னெல் எட்டிப் பார்த்தான். "அண்ணே, பையன் காய்ச்சல்ல செத்து நாலு வருஷமாச்சு. அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

ரோடெல் கட்டில் விரிப்பை இழுத்துவிட்டுப் பெட்டிகளை மறைத்தான்.

"ஊருக்குப் போன் போட்டா, அவன் பேரையே யாரும் எடுக்கறதில்லடா. இந்த ஒரு மேசையிலதான் அவனுக்கு இப்போ பதினோரு வயசு."