தாழ்ந்த கிளை

கவிஞர் தணிகாசலம் மூன்றாவது மாடி வீட்டில் தன் காட்டோடு குடியிருந்தார். எப்போதோ வெட்டி, தேயிலை போட்டுவிட்ட காடு அது. அதன் மரங்களை நினைவிலிருந்து எடுத்து வந்து கூடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே வெடிப்பலாவின் வேர் புடைத்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் நடப்பார். சமையலறை வாசலில் காட்டு நாவலின் கிளை தாழ்ந்திருந்தது; அங்கே குனிவார். அப்படி நடந்து நடந்துதான் கவிதைகள் வந்தன. மனைவி பரிமளத்துக்கு அது தலைவலி. "வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? நேரா நடங்களேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

இன்று காலை காபிக்காக அவர் சமையலறைக்குள் வந்தபோது, ஆற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"என்னங்க, குனியாம வந்துட்டீங்க."

அவர் திரும்பிப் போய் மறுபடி வந்தார். தலையில் எதுவும் இடிக்கவில்லை. பால்கனிக்கும் வாசலுக்குமாக அலைந்தார். காற்றைக் கைகளால் துழாவினார். காபியில் ஆடை கட்டியது.

"எங்க இருந்துச்சு பரிமளம்? எவ்வளவு உயரத்துல?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். டிவி முன்னால் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழகிய காலோடு எதையோ தாண்டினாள். சமையலறை வாசலில் தலையைத் தாழ்த்தி நுழைந்தாள். பிறகு அவரை அங்கே நிறுத்தி, பிடரியில் கை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.