காரணம் சொல்லத் தேவையில்லை

"கழுத்துல கத்தி இருக்கும்போது சிரிக்காதீங்க ஐயா" என்றாள் ஓபல்.

செனட்டர் டார்வின் ஹேகர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். வழக்கமாக அவருக்குச் சவரம் செய்யும் என்னிஸ் முழங்கால் ஆபரேஷனுக்குப் போயிருந்தான். மூன்று வாரமாக அவன் இடத்தில் நிற்பவள் அவனுடைய தங்கை மகள். கை சுத்தம், வாய் சிக்கனம். செனட்டருக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். பேசுகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

சிரிக்க வைத்தவர் ஜன்னலோரம் செய்தித்தாளோடு காத்திருந்த கிழவர் க்ளீட்டஸ். செனட்டரின் புதுச் சட்டத்தை முந்தாநாள் ராத்திரி முழுசாகப் படித்ததாகவும், அன்றோடு தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் இப்போதுதான் சொல்லியிருந்தார்.

"புரியலைன்னு சொல்லுங்க பெரியவரே. உங்க மேல ஒரு சிவில் கேஸு. ஜட்ஜைப் பிடிக்கலை. முன்னெல்லாம் ஏன் பிடிக்கலைன்னு நிரூபிக்கணும். இனிமே வேணாம். மாத்துங்கன்னா மாத்தணும். குலுக்கல்ல எந்த மாவட்டம் வருதோ, அந்த ஊரு, அந்த ஊர் ஜட்ஜு. தலைநகர்ல உக்காந்துக்கிட்டு சில ஜட்ஜுங்க நாங்க போடற சட்டத்தையெல்லாம் செல்லாதுங்கறாங்களே, அவங்க கொட்டம் அடங்கட்டும்னுதான் கொண்டுவந்தேன்."

"குலுக்கலா? எதுல போட்டு?"

"தீயணைப்பு நிலையத்துல பிங்கோ ஆட நம்பரைப் போட்டுச் சுத்தற உருளையைக் கேட்டு வாங்கி வெச்சிருக்காங்க."

"நீதி கிடைக்காட்டி, பிங்கோ பரிசு மாதிரி ஒரு பன்னித்தொடையாவது குடுப்பாங்களா?"

"தாடையைத் தூக்குங்க ஐயா" என்றாள் ஓபல்.

க்ளீட்டஸ் செய்தித்தாளை மடித்தார். "அது கிடக்கட்டும். ஏரிக்கரையில விடுதி கட்டறியே, ரோடு என்னாச்சு?"

"வியாழக்கிழமை விசாரணை. அன்னிக்கே முடிஞ்சுடும். குறுக்க ஒரு ஆப்பிள் தோப்பு. அதுல எங்களுக்கு வழிப்பாத்தியம் இருக்குன்னு கேஸ் போட்டிருக்கேன். தோப்புக்காரங்க வீட்டுக்கும் கிணத்துக்கும் நடுவுல போகும் ரோடு."

"இருக்கா?"

"என்னது?"

"வழிப்பாத்தியம்."

"ஜட்ஜ் பர்டெட் இருக்காரு. முப்பது வருஷமா நாங்க ஒரே படகுல மீன் பிடிக்கிறோம்."

"தோப்பு யாரோடது?"

"யாருக்குத் தெரியும்? பேரெல்லாம் என் வக்கீல் பாத்துக்கறான். எதிராளி வக்கீல்கூட வைக்கலையாம். வைக்க வசதியில்லை போல. பாவம்."

ஓபல் கத்தியைத் துண்டில் துடைத்துவிட்டு அடுத்த கன்னத்துக்குப் போனாள்.

"அதைத்தான் சொல்றேன்" என்றார் க்ளீட்டஸ். "உன் சட்டமெல்லாம் வக்கீல் வெச்சிருக்கிறவனுக்கு. என்னை மாதிரி ஆளு மனு குடுக்கணும்னா நூறு பக்கம் எழுதச் சொல்லுவீங்க."

"ஒரே பக்கம்!" செனட்டர் எழப் பார்த்தார்.

"கத்தி, ஐயா."

"ஒரே பக்கம் பெரியவரே. நாலாங்கிளாஸ் படிச்சவன்கூட எழுதலாம்."

"விடுப்பா, மேடையில பேசற பேச்சையெல்லாம் இங்க பேசாதே. முடிஞ்சா எழுதிக் காட்டு. ஒரு பக்கத்துல முடிச்சுட்டா உன் சவரக் கூலியை நான் குடுக்கறேன்."

செனட்டர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "முடிவெட்டும் சேர்த்து."

"சவரம் மட்டும்."

"மீசை திருத்தறது?"

"சரி, மீசையும். தலையில கை வைக்கக் கூடாது."

ஓபல் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். பாதிக் கன்னத்தில் நுரையோடு, கழுத்தில் துண்டோடு, செனட்டர் தொடையில் செய்தித்தாளை வைத்து அதன்மேல் எழுதினார். நிறுத்தி நிறுத்தி, அச்சுக் கோத்தாற்போல அழகான கையெழுத்து. பிறகு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க. மேல கோர்ட்டு பேரு. சட்டத்தோட பிரிவு எண். 'இந்த வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றக் கோருகிறேன்.' வழக்கு எண்ணுக்கு ஒரு கோடு, பேருக்கு ஒரு கோடு. பூர்த்தி பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும். பாதிப் பக்கம்கூட வரலை."

"காரணம் எங்க?" என்று கேட்டாள் ஓபல்.

"காரணம் சொல்லத் தேவையில்லைம்மா. அதான் இந்தச் சட்டத்தோட அழகே."

"எப்ப வரைக்கும் குடுக்கலாம்?" என்றார் க்ளீட்டஸ்.

"விசாரணைக்கு முந்தின நாள் சாயந்தரம் வரைக்கும்."

"கோர்ட்டு குமாஸ்தா வாங்க மாட்டேன்னா?"

"மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு அதிகாரமே கிடையாது. அந்த வரியை நானே உக்காந்து சேர்த்தேன்."

க்ளீட்டஸ் பெருமூச்சு விட்டார். தோற்றவர் விடுகிற பெருமூச்சு. பர்ஸைத் துழாவி இருபது டாலர் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மீதிக் கன்னமும் மீசையும் முடிந்ததும் செனட்டர் எழுந்து, தாடையைத் தடவிப் பார்த்து, கிழவரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பைசா செலவில்லாமல் வெளியே போனார். எழுதின தாள் சீப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

கார் வங்கி முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓபல் அந்தத் தாளின் இரண்டு கோடுகளையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டினாள். முடி வெட்ட வந்த க்ளீட்டஸ், முடி வெட்டாமலே தொப்பியை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தார். தெருவைக் கடந்தால் நீதிமன்றம்.

குமாஸ்தா மர்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை இரண்டு முறை படித்தாள். ஒரு குறையும் இல்லை. முத்திரை குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"உன் தோப்பு கேஸுக்கு வக்கீலே கிடைக்கலைன்னு அழுதியேடி ஓபல்? இவ்வளவு சுத்தமா யாரு எழுதிக் குடுத்தது?"

"கேஸ் போட்டவரே" என்றாள் ஓபல்.