கடைசி ரீல் அப்பா

வில்லன் நடிகர் வஜ்ரவேலு செத்துப்போன பிறகு, அவர் நடித்த படங்களிலிருந்தே அவரை இயந்திர மனிதராக உருவாக்கிக் கொண்டுவந்து கூடத்துச் சோபாவில் உட்காரவைத்தார்கள். ஆசைப்பட்டுக் கேட்டவள் மகள் மேகலாதான். ஆனால் வந்த நாளிலிருந்து அவர் மீசையை முறுக்குகிறார், மிரட்டுகிறார், வீடே அதிரச் சிரிக்கிறார். அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட அப்பாவை மட்டும் காணவே காணோம்.

பழுது பார்க்க வந்த எட்வின் கையை விரித்தான். "எல்லாப் படத்தையும் அலசிட்டோம்க்கா. கதையில அவருக்கு மிரட்டுறதுதான் வேலை. ஒரு சீன்லகூட யாரையும் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டதில்ல. வீட்டுல எடுத்த வீடியோ ஏதாவது இருக்கா?"

"வீட்டுக்கு வந்துட்டா கேமராவையே கிட்ட விடமாட்டார். அன்பா ஒரு வார்த்தைகூடவா எந்தப் படத்துலயும் இல்ல?"

"கடைசி ரீல்ல இருக்கு. குண்டு பட்டதும் திருந்திடுவார். அப்ப மட்டும்தான்."

மறுநாள் மாலை மேகலா ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கிவந்தாள். இப்போதெல்லாம் அலுவலகம் விட்டு வந்து பையை வைத்ததும் அதைத்தான் எடுக்கிறாள்.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தாய்?" என்று அப்பா உறுமுகிறார். நெஞ்சைப் பார்த்துச் சுடுகிறாள். அவர் சரிந்து விழுகிறார். முறைத்த கண்கள் மெல்லக் கனிகின்றன. தலைவாரிவிட்ட அப்பாவின் பார்வையேதான் அது.

"மகளே... நீ நன்றாக இருக்க வேண்டும்..."

அந்தக் கண்கள் மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று, பக்கத்தில் மண்டியிட்டு அவசர அவசரமாகச் சொல்கிறாள்:

"நான் சாப்பிட்டேன்ப்பா."